கொட்டகைக்குப் பின்னால்

நுழைவாயிலில் ஆளில்லை.
இரும்புக் குழாய் ஒன்றை நட்டு
அதன் தலையில் ஒரு பிளவு.
உறைக்குள் பதினைந்து டாலர்.
உறைமேல் வண்டி எண், தேதி, கையெழுத்து.
எந்த ஊர் என்ற கோட்டில் பேனா நின்றது.
கடைசியாய் வாடகை கட்டிய ஊரா,
அதற்கு முந்தியதா?
காலியாக விட்டுப் போட்டேன்.
யாரும் பார்க்காத இடத்தில் யோக்கியனாய் இருப்பது
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஜூலை மாதம்.
ஏழரை மணிக்கே கார்க் கதவின் பிடி சுடுகிறது.
பாறைகள் சிவப்பு என்று சொன்னார்கள்.
சிவப்பு இல்லை.
சூளையில் வேகாமல் போன செங்கல்,
வற்றல் மிளகாயின் காம்போரம்,
ஆறும் புண்ணில் உரியும் பொருக்கு,
துருவேறிய வாளியின் அடி.
திருப்பத்துக்குத் திருப்பம் பெயர் தேடி
ஐந்தாவது திருப்பத்தில் விட்டுவிட்டேன்.
அதன்பிறகுதான் கண் தெரிந்தது:
காற்று குடைந்த பொந்துகள்,
ஒரு பொந்தில் பல்லியைவிடச் சற்றே பெரிய ஏதோ ஒன்று
முன்னங்கால்களை ஊன்றி ஊன்றி எழுந்து
என்னை மிரட்டிக்கொண்டிருந்தது.
சரி, உன் வீடுதான் என்றேன்.

பாதை என்பது
முன்னால் போனவரின் செருப்புத் தடம்.
அவர் வழி தவறியிருந்தால் நானும்.

பத்து மணிக்கு மேல் நடக்கக் கூடாதாம்.
அலுவலகத்து நிழலில் தண்ணீர் குடித்தேன்.
ட்வைலா ஹேஃபன், வனக்காவலர்,
நெற்றியில் தொப்பி பதிந்த கோடு,
அன்றைய தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
செய்தித்தாளில் சுற்றிய கல்.
கூடவே கடிதம்.
வாரத்துக்கு மூன்று நான்கு வரும் என்றார்,
மின்கட்டண ரசீதைப் பற்றிச் சொல்வதுபோல.

வாசித்துக் காட்டினார்:
"இதை எடுத்த வருடமே வேலை போயிற்று.
பிறகு மனைவி. பிறகு முழங்கால்."

இன்னொன்று, பென்சிலில்:
"இதற்கு எங்கள் ஊர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை."

இன்னொன்று:
"எடுத்தது என் அப்பா. இறந்துவிட்டார்.
அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.
அதனால் நான்."

திரும்ப எங்கே வைப்பீர்கள் என்றேன்.
வைக்க முடியாது.
எந்தச் சரிவு, எந்த ஓடை, எந்தப் பாறையின் காலடி,
எடுத்தவருக்கே நினைவிருக்காது.
தப்பான இடத்தில் வைத்தால்
அது இன்னொரு பொய்.

கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.
கழிவுநீர் லாரிக்குப் பக்கத்தில்
இடுப்புயரக் குவியல்.
ஊருக்குத் திரும்பியும்
வீடு போய்ச் சேராதவை.
ஆர்டெல் பீட் அங்கே குழாய் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.
இந்தப் பள்ளத்தாக்குக்கு அவர் பாட்டனார் காலத்துப்
பையூட் பெயர் ஒன்று உண்டாம்.
என்னவென்று கேட்டேன்.
பன்னிரண்டு அங்குலத் திருகுசாவி கேட்டார்.
எடுத்துக் கொடுத்தேன்.
குவியலிலிருந்து ஒரு கல்லைக் காலால் தள்ளி
கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.
யாருடைய விவாகரத்தோ.

குவியலின் உச்சியில் ஒன்று மட்டும் வெள்ளை.
உருண்டை. ஆற்றுக்கல்.
இது எங்களுடையதே இல்லை என்றார் ட்வைலா.
அனுப்பியவர் முகவரி எழுதவில்லை.
மன்னித்துவிடுங்கள் என்று
ஒரே ஒரு வரி.
எங்கேயோ எடுத்து
எங்கேயோ வருந்தியிருக்கிறார்.

வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்பாராம்.
என்னிடமும் நீட்டினார்:
"உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லா, பாருங்கள்."

வாங்கினேன்.
வெயில் பட்ட பக்கம் நெருப்பு.
அடிப்பக்கம் இன்னும் குளிர்ச்சி.
ஆமாம் என்று சொல்ல
வாய் வரைக்கும் வந்துவிட்டது.
ஒரு சொல்தான்.
அதற்கு ஓர் ஊர் கிடைத்திருக்கும்.
எனக்கும்.

இல்லை என்றேன்.
அவர் வாங்கி
முன்பிருந்த குழியிலேயே, முன்பிருந்த பக்கமாகவே
வைத்தார்.
ஆர்டெல் தலை நிமிராமல்
"அவனிடமும் இல்லையா?" என்றார்.

வெளியேறும்போது
அந்த இரும்புக் குழாயைக் கடந்தேன்.
உள்ளே எங்கோ இருட்டில்
என் உறை கிடக்கும்,
ஒரு கோடு நிரப்பாமல்.
வண்டியை மெதுவாக்கினேன்.
பிளவு விரல் நுழையாத அகலம்.
போட்டதை எடுக்க முடியாதபடிதான்
செய்திருக்கிறார்கள்.